சால்மன் மீனும் பழப்பாணியும்

மீனுக்கு உற்ற துணை புளியே என்பது தமிழர் சமையலறையில் நெடுங்காலமாக நிலைபெற்ற முடிபாகும். பழப்புளி, கொறுக்காய்ப்புளி, தேசிக்காய், தக்காளி என ஊருக்கு ஊரும் வீட்டுக்கு வீடும் புளியின் வகை மாறுமேயன்றி, மீன் சமைக்கும் சட்டியில் தேனையோ சர்க்கரையையோ இடுவதற்கு இல்லத்தரசியர் பலரும் மனம் ஒப்பார். ஆயின், ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலும் அதனை அடுத்த கனடாவிலும் வாழும் மக்கள் பலர், சால்மன் மீனின் மேல் பழச்சாற்றிலிருந்து காய்ச்சிய பாணியைப் பூசிச் சுட்டெடுத்து உண்கின்றனர். அது உணவுச்சாலைக்கு மட்டும் உரிய புதுமையன்று. வேலை முடிந்து வீடு திரும்பியவர் ஒரு மணி நேரத்துக்குள் ஆக்கி முடிக்கும் இரவுணவு.

இம்மீனோடு இனிப்பு பொருந்துவதற்கான காரணம் மீனின் வாழ்க்கையிலேயே அடங்கியுள்ளது. அக்காரணத்தை அறிந்தவருக்குச் சமைக்கும் முறையும் எளிதில் விளங்கும். அறியாதவர் கையில், விலை கொடுத்து வாங்கிய மீன் வெளியே கரிந்தும் உள்ளே உலர்ந்தும் வீணாகும்.

முதலிற் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று. இலங்கையின் கடைகளில் 'சமன்' என்று கேட்டால் கிடைப்பது தகரப் பேணியில் அடைத்த மீன். அப்பேணிக்குள் இருப்பது பெரும்பாலும் கும்பளா இனத்தை ஒத்த வேறொரு கடல்மீனேயன்றி, உண்மையான சால்மன் அன்று. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றங்கரையில் சால்மனைப் பேணியில் அடைக்கும் தொழில் 1866ஆம் ஆண்டில் தொடங்கியது. அங்கிருந்து பேணிமீன் பெருந்தொகையாகப் பிரித்தானியச் சந்தைக்குச் சென்றது. இலங்கையில் இன்று பேணிக்குள் இருக்கும் மீன் வேறாயினும், பெயர் மட்டும் அதுவாகவே வழங்குகின்றது. பேணிமீன் அடைக்கப்படும்போதே அவிந்துவிடுவது. ஆதலின், இங்கு கூறப்படும் முறைக்கு அது ஏற்றதன்று. இம்முறைக்கு வேண்டுவது தோலோடு கூடிய பச்சைச் சால்மன் துண்டு.

சால்மன் இனத்துள் அத்திலாந்திக் கடலுக்குரியது ஒருவகை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் சினூக், சொக்கை, கோஹோ முதலாக ஐந்து வகைகள் உள்ளன. இவை குளிர்ந்த ஆறுகளின் பரற்கற்களிடையே பிறந்து, கடலை அடைந்து, அங்கு உண்டு கொழுத்து, முட்டையிடும் பருவத்தில் தாம் பிறந்த ஆற்றையே நாடித் திரும்புகின்றன. பசிபிக் வகைகள் ஐந்தும் முட்டையிட்ட பின்னர் மாண்டுவிடும். ஆற்றுநீரிற் புகுந்தபின் சால்மன் இரையெடுப்பதில்லை என்பதே இவற்றுள் சமைப்போர் கருத்திற் கொள்ளத்தக்க செய்தி. எதிர்நீரில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஏறிச் செல்வதற்கு வேண்டிய வலிமை முழுவதையும் அது தன் உடலிற் சேர்த்துவைத்த கொழுப்பிலிருந்தே பெறுகின்றது. நெடுவழி செல்வோன் எடுத்துச் செல்லும் கட்டுச்சோறு போன்றது அக்கொழுப்பு. வழி நீளமானால் கட்டுச்சோறும் பெரிதாகும். கொலம்பியாவின் மேற்பகுதிக்குச் செல்லும் சினூக் மீன் கொழுப்பு மிக்கதெனப் புகழ்பெற்றமைக்குக் காரணம் இதுவே.

பழப்பாணிக்கு இடங்கொடுப்பதும் அக்கொழுப்பேயாகும். கொழுப்புக் குறைந்த வெண்மீனின் மென்சுவை இனிப்பினால் மூடுண்டு போய்விடும். சால்மனின் தசை செறிந்த சுவையுடையது. நாவில் எண்ணெய்ப்பசையாகத் தங்குவது. பழத்தின் புளிப்பு அப்பசையை அறுக்கின்றது. இனிப்பு அப்புளிப்பின் கூர்மையைத் தணிக்கின்றது. உப்பு இரண்டையும் சமன் செய்கின்றது. ஆகவே பழப்பாணி என்பது மீனின் மேல் ஊற்றிய வெறும் சர்க்கரைப்பாகு அன்று. புளிப்பை முதன்மையாகவும் இனிப்பை அதன் துணையாகவும் கொண்டதே நல்ல பாணி. மீனுக்குப் புளி துணையென்ற தமிழர் முடிபும் இதனால் பொய்யாவதில்லை.

மீனும் பழமும் ஒரே இடத்திற் கிடைப்பது கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கின் சிறப்பு. ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் நீளமுள்ள அவ்வாறு கனடாவில் தோன்றி, வொஷிங்டன், ஒறிகன் மாநிலங்களினூடாகப் பசிபிக் கடலைச் சேர்கின்றது. அதன் கரையிலுள்ள வெனாச்சி அப்பிளுக்கும், ஹூட் ரிவர் பள்ளத்தாக்கு பேரிப்பழத்துக்கும், அயலிலுள்ள யாக்கிமாப் பள்ளத்தாக்கு அப்பிளுக்கும் செரிப்பழத்துக்கும் பெயர்பெற்றவை. இத்தோட்டங்கள் தோன்றுவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே அங்கு வாழ்ந்த பழங்குடி மக்கள், சால்மனைப் பிளந்து மரக்குச்சிகளில் விரித்து, அக்குச்சிகளைத் தீயின் அருகே சாய்த்து நட்டு வாட்டி உண்டனர். காட்டுச் சிறுபழங்களை உலர்த்தி அடைகளாக்கிக் குளிர்காலத்துக்கெனச் சேமித்தனர். போறணையிற் சுடும் பழப்பாணி சால்மன் பிற்கால வீட்டு வழக்கமேயாயினும், ஒரே பண்டசாலையில் மீனும் பழமும் இருந்த வழக்கம் மிகப் பழையது.

சமையலின் நுட்பம் வெப்பத்தைப் பற்றியது. மீனுக்கும் பாணிக்கும் வேண்டிய வெப்பம் ஒன்றன்று. சால்மன் தசையின் புரதங்கள் 40 முதல் 50 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே இறுகத் தொடங்குகின்றன. உட்பகுதி 63 பாகையை அடையும்போது மீன் பாதுகாப்பாக வெந்துவிட்டது என அமெரிக்க உணவுத்துறையின் அறிவுரை கூறுகின்றது. பச்சைச் சால்மனில் இருக்கக்கூடிய ஒட்டுண்ணிப் புழுக்களும் அவ்வெப்பத்தில் அழியும். அதற்கு மேல் வெப்பம் ஏற ஏறத் தசைநார் சுருங்கித் தன்னகத்துள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றும். மிகைபட வெந்த சால்மனின் ஓரங்களில் வெண்ணிறத் தயிர்த்துளி போன்று திரண்டு நிற்பது, நீரோடு வெளிப்பட்ட புரதமேயாகும். அத்துளி சிறிதளவு தோன்றுதல் இயல்பு. மிகுதியாகத் தோன்றின் மீன் உலர்ந்துவிட்டது என்பது பொருள்.

பாணியின் இயல்பு இதற்கு மாறானது. அது பளபளத்துப் பொன்னிறமாவதற்கு மீனின் உட்பகுதி தாங்கவியலாத வெப்பம் வேண்டும். நீர் எஞ்சியிருக்கும் வரை பாணி 100 பாகையை அதிகம் தாண்டாது. நீர் வற்றியபின் விரைந்து சூடேறும். அப்போது சர்க்கரையும் புரதமும் ஒன்றோடொன்று வினைபுரிந்து நிறமும் மணமும் தோன்றுகின்றன. பாணின் மேலோட்டுக்கும் வறுத்த கோப்பிக்கும் நிறந்தரும் இவ்வினையை 1912ஆம் ஆண்டில் விளக்கியவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமீல் மையார். சர்க்கரை புரதத்தின் துணையின்றியும் கருகவல்லது. வெள்ளைச்சீனி ஏறத்தாழ 160 பாகையிற் கருகத் தொடங்க, பழத்திலும் தேனிலும் மிகுந்துள்ள பழச்சர்க்கரை ஏறத்தாழ 110 பாகையிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். பொன்னிறத்துக்கும் கரிக்கும் இடையிலுள்ள காலம் ஓரிரு நிமிடங்களே.

இவ்விரு உண்மைகளையும் சேர்த்து நோக்கின் விதி தானே பிறக்கும்: மீன் முன்னே வேகவேண்டும், இனிப்பு பின்னே சேரவேண்டும். பச்சைமீனில் பாணியை முழுவதும் பூசித் தொடக்கத்திலிருந்தே போறணையில் வைப்போர், பாணி கருகுவதைக் கண்டு அஞ்சி மீனை வேகாமல் எடுப்பர். அல்லது மீன் வேகட்டுமெனப் பொறுத்திருந்து கரியை உண்பர்.

பழத்தைத் தேர்வதிலும் அறியவேண்டியவை உள. அப்பிள், தோடம்பழம், அப்ரிக்கொட், செரி, அன்னாசி, மாம்பழம் ஆகிய எதுவும் பாணிக்கு ஏற்றதே. புளிப்பு இல்லாத பழமாயின் தேசிக்காய்ச்சாறு சேர்த்தல் வேண்டும். அப்புளிப்பு சுவைக்கு மட்டுமன்றி மணத்துக்கும் உதவுவது. மீனின் கவுச்சி மணத்துக்குக் காரணமான காரப்பொருளை அமிலம் கட்டிவிடுதலால், அது ஆவியாகி மூக்கை எட்டுதல் குறைகின்றது. பழங்களிலுள்ள பெக்ரின் என்னும் பொருள் பாணியைத் திரளச் செய்து மீனிற் பற்றிநிற்க உதவுகின்றது. பழச்சாறு வாய்க்காதபோது அப்ரிக்கொட் ஜாமையோ தோடம்பழ மாமலேட்டையோ சிறிது வெந்நீரிற் கரைத்துப் பயன்படுத்துவது இதனாலேயே. பச்சை அன்னாசியிலும் பப்பாசியிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதியங்கள் உள்ளன. அவற்றின் பச்சைச்சாற்றில் மீனை ஊறவிட்டால் தசை கூழாகிவிடும். சாற்றைக் கொதிக்க வைத்தால் அந்நொதியங்கள் செயலிழக்கும். ஆதலின், எந்தப் பழமாயினும் காய்ச்சிய பின்னரே மீனைத் தொடவேண்டும் என்பதை வழக்கமாகக் கொள்ளுதல் நலம்.

நால்வருக்குரிய அளவு வருமாறு: ஏறத்தாழ ஓரங்குலத் தடிப்பும் 170 கிராம் நிறையுமுள்ள தோலுடன் கூடிய சால்மன் துண்டு 4, சீனி சேராத அப்பிள் சாறு 2 கோப்பை, தேன் 1 மேசைக்கரண்டி, அரைத்த கடுகு 1 தேக்கரண்டி, துருவிய இஞ்சி 1 தேக்கரண்டி, தேசிக்காய்ச்சாறு 1 மேசைக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள், சிறிதளவு எண்ணெய்.

அப்பிள் சாற்றை அகன்ற தாச்சியில் ஊற்றி, அரைக்கோப்பையாக வற்றும் வரை கொதிக்கவிடவேண்டும். இதற்கு 20 நிமிடம் வரை செல்லும். பின்னர் தேன், கடுகு, இஞ்சி, அரைத்தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சேர்த்து மேலும் இரண்டு மூன்று நிமிடம் காய்ச்சுக. கரண்டியின் முதுகில் விரலால் கோடிழுத்தால் கோடு மூடாது நிற்பதே பதம். கம்பிப்பதம் வரை காய்ச்சினால், ஆறியபின் இறுகி மீனிற் பரவாது. அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிக்காய்ச்சாறு சேர்க்கவேண்டும். சுவைத்துப் பார்க்கும்போது முதலிற் புளிப்பும் அடுத்து இனிப்பும் தோன்றுமாயின் பாணி நன்றாயிற்று. அதனை இரண்டாகப் பகிர்ந்து, ஒன்றைப் பூசுவதற்கும் மற்றொன்றைப் பரிமாறும்போது ஊற்றுவதற்கும் வைத்துக்கொள்க. மீனைத் தொட்ட தூரிகை இரண்டாவது பகுதியிற் படலாகாது.

மீன்துண்டுகளை ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுத்து, முட்களைத் தடவிப் பார்த்து நீக்கி, உப்பும் மிளகும் தூவிப் பத்து நிமிடம் வைக்கவேண்டும். ஈரம் நின்றால் பாணி வழிந்தோடிவிடும். போறணையை 200 பாகைக்குச் சூடாக்கி, எண்ணெய் தடவிய தட்டத்தில் துண்டுகளைத் தோற்புறம் கீழாக அடுக்கி, எட்டு நிமிடம் வெறுமனே வேகவிடுக. பின் வெளியே எடுத்துப் பாணியை மெல்லிதாகப் பூசி, மீண்டும் இரண்டு நிமிடம் வைக்கவேண்டும். இரண்டாம் முறையும் பூசி மேலும் இரண்டு நிமிடம் வைத்தால், மேற்பரப்பு மினுங்கத் தொடங்கும். ஒருமுறை தடிப்பாகப் பூசுவதிலும் இருமுறை மெல்லிதாகப் பூசுவதே சிறந்தது.

ஓரங்குலத் தடிப்புக்குப் பத்து நிமிடம் என்பது கனடாவின் மீன்பிடித் திணைக்களம் பரப்பிய பொதுவிதி. அது மிகச் சூடான போறணைக்கு உரியது. 200 பாகைக்கு இரண்டு மூன்று நிமிடம் மிகையாக வேண்டும். எனினும் கடிகாரத்திலும் மீனே நம்பத்தக்கது. துண்டின் தடித்த இடத்தில் முட்கரண்டியை ஊன்றி மெல்லத் திருப்பினால், தசை இதழ் இதழாகப் பிரியவேண்டும். நடுப்பகுதி கண்ணாடி போன்று ஒளிபுகும் நிறம் மாறி மங்கியிருத்தல் வேண்டும். எடுத்தபின் மூன்று நிமிடம் ஆறவிடுதல் அவசியம். அந்நேரத்தில் வெளிவெப்பம் உள்ளே பரவி எஞ்சிய வேலையை முடித்துவிடும்.

போறணை இல்லாத வீட்டில் தடித்த தாச்சி போதும். எண்ணெய் சூடேறியதும் தோற்புறம் கீழாக மீனை வைத்து, நடுத்தர நெருப்பில் ஆறு ஏழு நிமிடம் அசைக்காது விடவேண்டும். தோல் மீனுக்கும் நெருப்புக்கும் இடையே கேடயமாக நின்று தசையைக் காக்கும். பின்பு மெதுவாகப் புரட்டி இரண்டு மூன்று நிமிடம் விட்டு, நெருப்பைத் தணித்து, பாணியை ஊற்றி, ஒரு நிமிடம் கரண்டியால் மேலே அள்ளி வார்த்தால் போதும்.

எல்லாச் சால்மனும் ஒரே காலத்தில் வேகுவதில்லை என்பதையும் மறக்கலாகாது. இன்று உலகச் சந்தையிலுள்ள சால்மனிற் பெரும்பகுதி, நோர்வே, சிலி, ஸ்கொத்லாந்து, கனடா முதலிய நாடுகளின் கடலோர வளர்ப்பு வலைகளிலிருந்து வருவது. வளர்ப்பு மீன் ஆறேற வேண்டியதில்லையெனினும், நிறைந்த தீனியால் கொழுப்பு மிக்கது; ஓரிரு நிமிடம் கூடினாலும் தாங்கும். கடலிற் பிடித்த சொக்கை மீனோ, செந்நிறமும் இறுகிய தசையும் உடையது, கொழுப்புக் குறைந்தது, ஆதலின் விரைவில் உலரும். அதற்கு இரண்டு நிமிடம் குறைத்தே காலங் கணிக்கவேண்டும்.

இவ்வுணவுக்குப் பின்னால் மற்றொரு செய்தியும் உண்டு. மீனும் பழமும் தட்டில் இணைந்தாலும், கொலம்பியா ஆற்றில் அவை எப்போதும் இணங்கி வாழவில்லை. 1942ஆம் ஆண்டில் நிறைவெய்திய கிராண்ட் கூலி அணை, மின்விசையையும் நீர்ப்பாசனத்தையும் தந்தது. 1950களில் அதன் நீர் வறண்ட நிலங்களிற் பாய்ந்து வயல்களையும் பழத்தோட்டங்களையும் வளர்த்தது. ஆயின் அவ்வுயர்ந்த அணையில் மீன் ஏறிச்செல்ல வழி அமைக்கப்படவில்லை. கனடாவிலுள்ள ஆற்றின் தலைவரை சென்று முட்டையிட்ட சால்மன், அணைச்சுவரோடு நின்றுவிட்டது. கெற்றில் அருவியில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்த பழங்குடி மக்கள், அவ்விடம் நீரில் அமிழுமுன் 1940ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒன்றுகூடி மூன்று நாட் துயர்விழா நடத்தினர். ஆற்றின் கீழ்ப்பகுதியில், டால்ஸ் அணையின் நீர் தேங்கியதால் 1957ஆம் ஆண்டு மார்ச் 10ஆந் திகதி செலைலோ அருவியும் மறைந்தது. 1855ஆம் ஆண்டின் உடன்படிக்கைகளில் யாக்கமா, நெஸ் பேர்ஸ் முதலிய குடியினர் தம் பழைய மீன்பிடி இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைத் தமக்கென வைத்துக்கொண்டிருந்தனர். உரிமை ஏட்டில் நிற்க, அருவி நீரில் மறைந்தது.

ஒருவர்க்கு விளைவும் மற்றொருவர்க்கு இழப்புமாக அமைந்த அம்முடிவு, இப்போது சிறிது சிறிதாகத் திருத்தப்படுகின்றது. வொஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றிலிருந்த இரு அணைகளும் 2011 முதல் 2014 வரையான காலத்தில் அகற்றப்பட்டன. தெற்கேயுள்ள கிளமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றும் பணி 2024ஆம் ஆண்டில் முடிவுற்றது. அவ்வாண்டு ஒக்ரோபரிலேயே சினூக் மீன்கள் அவ்விடங்களைக் கடந்து மேலேறின. கிராண்ட் கூலி அணைக்கு மேலே, கொல்வில் பழங்குடியினர் 2019ஆம் ஆண்டு முதல் சால்மனை எடுத்துச் சென்று விடுகின்றனர். மறித்த வழி திறந்தால் மீன் திரும்பும் என்பதை எல்வாவும் கிளமத்தும் காட்டியுள்ளன.

இலங்கையிற் பச்சைச் சால்மன் இறக்குமதியாகும் விலையுயர்ந்த பண்டம். அது கிடையாத வீட்டிலும் இம்முறை பயன்படும். அறக்குளா, பாரை போன்ற மீன்களின் தடித்த துண்டுகளை, அன்னாசி அல்லது மாம்பழச் சாற்றைக் காய்ச்சிய பாணியோடு இவ்வாறே சமைக்கலாம். அவற்றிற் சால்மனின் கொழுப்பு இல்லையாதலால், பாணியில் தேனைப் பாதியாகக் குறைத்துப் புளிப்பைக் கூட்டவேண்டும். நெருப்பில் வைக்கும் காலத்தையும் சுருக்கவேண்டும். மீன் முன்னே, இனிப்பு பின்னே என்னும் விதி எந்த மீனுக்கும் மாறுவதில்லை.

சால்மனின் கொழுப்பு ஒரு நீண்ட பயணத்துக்காகச் சேர்க்கப்பட்டது. அணைகளும் பேணித் தொழிலும் தோட்டங்களும் அப்பயணத்தைப் பலவாறு இடைமறித்த பின்னரே ஒரு துண்டு சமையலறைக்கு வந்து சேர்கின்றது. சில நிமிடக் கவனக்குறைவினால் அதனை உலர்த்திக் கரியாக்குவது, காசுக்கு மட்டும் வந்த நட்டமன்று. பாணியை முன்னரே காய்ச்சி வைத்து, மீனின் அருகை விட்டகலாது நின்று, உரிய நேரத்தில் எடுத்துவிட்டால், புளிப்பும் இனிப்பும் மீனின் இயல்பான சுவையும் மூன்றும் தனித்தனியே நாவிற் புலப்படும். அவற்றுள் மீனின் சுவை முன்னே தோன்றுமாயின் சமையல் நன்கு நிறைவேறியதெனக் கொள்ளலாம்.